போட்டோஷாப்ல இருந்து கிம்ப்புங்கிற இலவச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு மாறினா பழைய ஷார்ட்கட் எல்லாம் அப்படியே வர வைக்க முடியுமா?

முடியும், ஆனா எல்லாத்தையும் மாத்தாதீங்க. கண்ட்ரோல் இசட், கலரை மாத்திப் போடுற எக்ஸ், இதெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

படுத்துறது கண்ட்ரோல் டி தான். போட்டோஷாப்ல அது செலக்‌ஷனை நீக்கிடும், கிம்ப்ல அதே கீ முழு படத்தையும் இன்னொரு காப்பியா திறந்துடும், நான் அந்தப் பழக்கத்துல அழுத்தி அழுத்தி ஒரே படம் ஏழெட்டு டேப்ல நின்னு எதுல வேலை பார்த்தேன்னே தெரியாம ரொம்ப நேரம் வீணாச்சு. கிம்ப்ல செலக்‌ஷன் நீக்க கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ. மூவ் டூலும் போட்டோஷாப்ல வி, கிம்ப்ல எம்.

கிம்ப்ல எடிட் மெனுவுல கீபோர்ட் ஷார்ட்கட்ஸ்னு இருக்கும், அதைத் திறந்து தேவையான கமாண்டைத் தேடி கிளிக் பண்ணிட்டு புது கீயை அழுத்துங்க, அது ஏற்கனவே வேற எதுக்காவது இருந்தா மாத்தவான்னு கேக்கும். ஒரு வாரம் வேலை பாத்துட்டு கை எங்க தப்புதோ அந்த நாலஞ்சு கீயை மட்டும் மாத்துங்க, அதான் நல்லது, எல்லாத்தையும் மாத்திட்டா அப்புறம் டுடோரியல் பாக்கும்போது அவங்க சொல்ற கீ ஒண்ணும் உங்களுக்கு வேலை செய்யாது.

கிரிட்டாங்கிற படம் வரையுற சாஃப்ட்வேருக்குப் போறவங்களுக்கு இந்தப் பாடே இல்ல, அதோட செட்டிங்ஸ்லயே போட்டோஷாப் மாதிரி ஒரு ஷார்ட்கட் ஸ்கீம் ரெடியா இருக்கு.