முதல் சிட்டிகையும் முதல் டப்பாவும்

அன்புள்ள ஐயா,

மூக்குப்பொடி வகைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். "எந்தப் பொடி உயர்ந்தது என்று கேட்பவரிடம், நீங்கள் எதில் தொடங்கினீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்" என்று அதில் ஒரு வரி வருகிறது. அதோடு விட்டுவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் வேண்டியிருக்கிறது.

நான் தொடங்கியது மெந்தால் பொடியில். என் மாமா தன் டப்பாவைத் திறந்து நீட்டினார், எடுத்துக்கொண்டேன். அப்புறம் டோஸ்ட், எஸ்.பி., ஷ்மால்ட்ஸ்லர் என்று வேறு பொடி வகைகள் பலவற்றையும் வாங்கிப் பார்த்தாயிற்று. எதையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அசந்த நேரத்தில் கை மெந்தால் டப்பாவைத்தான் தேடுகிறது. என் நண்பர் ஒருவர் டோஸ்ட்டில் தொடங்கியவர். மெந்தாலை மூக்கருகே கொண்டுபோனாலே "இது மருந்துய்யா, பொடியே இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் இருவரில் யாருக்கு ருசி தெரியும் என்பது தீராத வழக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் போட்டதுதான் கடைசிவரை பிடிக்குமா? அதை மாற்றிக்கொள்ள முடியுமா? இன்னொரு கேள்வியும் உண்டு. என் அக்கா மகன், படிப்பை முடித்தவன், தானும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். முதல் அனுபவம் அவ்வளவு முக்கியம் என்றால் அவனுக்கு எதைக் கொடுப்பது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதல் அனுபவம் பொடி ருசியைத் தீர்மானிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் அனுபவம் என்று எதைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். எல்லாரும் முதல் சிட்டிகையைத்தான் சொல்வார்கள். நான் முதல் டப்பாவைச் சொல்வேன்.

முதல் சிட்டிகையில் என்ன நடக்கிறது? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எவ்வளவு எடுப்பது என்று தெரியாது, அதனால் கூடுதலாகத்தான் எடுப்போம். மூச்சை எப்படி இழுப்பது என்றும் தெரியாது. பலமாக ஒரே இழுப்பு இழுப்போம். மூக்கின் முன்பக்கத்தில் தங்க வேண்டிய பொடி நேராகத் தொண்டைக்குப் போய்விடும். கண்ணில் நீர், அடுக்குத் தும்மல், நாக்கின் அடியில் கசப்பு. மணத்தை அறியும் சவ்வு மூக்கறையின் உச்சியில் இருக்கிறது. பொடி முன்பக்கத்திலேயே கிடந்து, அதிலிருந்து ஆவி மெல்ல மேலே ஏறினால்தான் மணம் முழுதாகத் தெரியும். தும்மிக்கொண்டிருப்பவருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

நிக்கோட்டினும் அப்போது சரியாக ஏறுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பொடி போடுகிறவர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பழகியவர்களுக்கு ஒரு தடவை போட்ட சில நிமிடங்களிலேயே சிகரெட் பிடித்தவர் அளவுக்கு நிக்கோட்டின் ஏறியது. புதியவர்களுக்கு ஏறியது சொற்பம். அந்த ஒரு சிட்டிகையிலேயே ருசி நிலைத்துவிடுகிறது என்றால் என்னால் நம்ப முடியவில்லை.

காரியம் நடப்பது அடுத்து வரும் நாட்களில். தும்மல் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிடும். விரலுக்கு அளவு பிடிபடும். இழுப்பு குறுகிவிடும், பூவை முகர்கிற அளவு மூச்சு போதும் என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். நிக்கோட்டின் ஒழுங்காக ஏற ஆரம்பிக்கும். அது ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அதே மணம் கூடவே இருக்கும். அலுப்பு தீர்ந்தது, மனசு கூர்மையானது என்றெல்லாம் தோன்றுகிறதே, அந்த இதத்தை மூளை அந்த மணத்தின் கணக்கில் எழுதிவைத்துவிடுகிறது. டப்பா காலியாகும்போது "இந்த மணம் எனக்குப் பிடிக்கும்" என்று ஒரு நினைப்பு உருவாகிவிட்டது. அதில் மணத்தின் பங்கு எவ்வளவு, நிக்கோட்டினின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நான் பொடியை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இருந்தும் யாராவது பக்கத்தில் எஸ்.பி. டப்பாவைத் திறந்தால் என் விரல்கள் தாமாகவே சிட்டிகைக்குச் சேர்ந்துகொள்கின்றன. நான் தொடங்கிய டப்பா அதுதான்.

மணத்துக்கு இந்த விஷயத்தில் தனிச் சலுகை உண்டு. கண்ணும் காதும் அனுப்பும் சேதிகள் தாலமஸ் என்ற நடுவழி நிலையத்தின் வழியாகத்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகின்றன. மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2009ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே பொருளின் படத்தை முதலில் ஒரு வாசனையோடும், பிறகு வேறொரு வாசனையோடும் சேர்த்துக் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, முதலில் சேர்ந்த வாசனைக்கு மட்டும் மூளையில் நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸில் தனியான தடம் இருந்தது. வாசனைக்குப் பதில் ஓசையைச் சேர்த்தபோது அந்த மாதிரி தடம் கிடைக்கவில்லை. இதமும் மணமும் முதன்முதலாகக் கைகோத்துக்கொண்டது உங்கள் முதல் டப்பாவில் என்றால், பிறகு வாங்கிய டப்பாக்கள் அதோடு போட்டி போடுவது கஷ்டம்தான்.

ஒன்று பிடிக்காமல் போவதற்கு மட்டும் ஒரே சிட்டிகை போதும். அளவு தெரியாமல் காட்டமான பொடியை இழுத்து, தலை சுற்றி, வியர்த்து, வாந்தி வரைக்கும் போனவர்கள் அந்த மணத்தை வாழ்நாள் முழுக்க வெறுப்பார்கள். உளவியலாளர் ஜான் கார்சியா 1950களில் எலிகளுக்குக் குமட்டலோடு ஒரு சுவையைச் சேர்த்துக் காட்டினார். ஒரே தடவையில் அவை அந்தச் சுவையை ஒதுக்கின. நமக்கும் அப்படித்தான்.

இனி உங்கள் வழக்கு. மெந்தாலின் குளிர்ச்சியை நாம் மணம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அதை உணர்வது மண நரம்பு இல்லை. முகத்தின் தொடுவுணர்வுக்கும் எரிச்சலுக்கும் உரிய முப்பெரு நரம்பின் வேலை அது. உண்மையான குளிரை உணரும் அதே ஏற்பியை, அதாவது நரம்பு நுனியில் உள்ள உணர்வுவாயிலைத்தான் மெந்தாலும் தட்டியெழுப்புகிறது என்று 2002ல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குளிர்ச்சி புகையிலையின் எரிச்சலை மூடிவிடும். ஆக, நீங்கள் எரிச்சலை அதிகம் அறியாமலேயே பொடி போடப் பழகினீர்கள். உங்கள் நண்பர் பழகியது டோஸ்ட்டில். அது வறுத்து, ஈரம் துளியும் இல்லாமல் மாவாக அரைத்தது. டப்பாவை ஆட்டினால் புழுதி மாதிரி எழும். அதில் எரிச்சல்தான் முதல் சேதி. அந்தச் சுருக்கென்ற குத்து இல்லாவிட்டால் பொடி போட்ட மாதிரியே அவருக்கு இருக்காது. உங்களுக்கு அதே குத்து இடைஞ்சலாகப் படுகிறது. இருவருக்கும் ருசி தெரியும். ஆளுக்கொரு விதத்தில் பழகியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கை பழகியதும் இதில் சேர்ந்திருக்கிறது. ஈரமும் கொஞ்சம் சொரசொரப்பும் உள்ள பொடிக்கு இழுப்பு பலமாகவே வேண்டும். ஷ்மால்ட்ஸ்லர் அதற்கு நல்ல உதாரணம். ஜெர்மனியின் பவேரியாக்காரர்கள் பிரேசில் புகையிலையைப் புளிக்கவைத்துச் செய்வது அது. அந்தக் காலத்தில் கொழுப்புச் சேர்த்துப் பிசைந்தார்கள், இப்போது பாரஃபின் எண்ணெய். கறுப்பாக, விரலில் அப்பிக்கொள்ளும். அதில் பழகிய ஒருவர் அதே இழுப்பை டோஸ்ட்டில் இழுத்தால் எல்லாம் தொண்டையில்தான் போய் நிற்கும். "டோஸ்ட் எனக்கு ஒத்துவராது" என்பார். ஒத்துவராதது இழுப்பு. பிடிக்காத பொடி என்று நீங்கள் ஒதுக்கியவற்றில் பாதியாவது இந்த வகையில் சேரும் என்று நினைக்கிறேன்.

"இது மருந்து" என்று உங்கள் நண்பர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவருடைய மூக்குக்கு மெந்தால் முதலில் அறிமுகமானது பொடியில் இல்லை. சளிக்கும் தலைவலிக்கும் தடவிய தைலத்தில். பொடிக்குப் பல வருடம் முன்பே அந்த மணத்துக்கு நோய்ப்படுக்கை என்று பொருள் விழுந்துவிட்டது. வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய் விஷயத்தில் இது அழகாகத் தெரியவந்தது. 1960களில் பிரிட்டனில் கேட்டபோது மக்கள் அதை வெறுத்தார்கள். 1970களில் அமெரிக்காவில் கேட்டபோது மிகவும் பிடித்த மணங்களில் ஒன்றாக அது இருந்தது. பிரிட்டனில் அது வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் மணம், அமெரிக்காவில் மிட்டாயின் மணம். எண்ணெய் ஒன்றுதான்.

ஒரு நாட்டுக்கே முதல் டப்பா உண்டு. 1702ல் ஸ்பெயினின் வீகோ துறைமுகத்தில் ஸ்பானியக் கப்பல்களை ஆங்கிலேயர்கள் மடக்கியபோது கொள்ளையில் ஏராளமான பொடியும் சேர்ந்தது. மாலுமிகள் அதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரை இங்கிலாந்தில் அரிதாக இருந்த பழக்கம் அதற்குப் பிறகு வேகமாகப் பரவியது. அந்தப் பொடிக்கு வீகோ என்றே பெயர் நின்றுவிட்டது.

மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். திரும்பத் திரும்பப் பார்த்தாலே ஒன்று பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968ல் காட்டினார். மூக்குக்கும் அது பொருந்தும். ஆனால் நீங்கள் செய்தது அது இல்லை. வாங்கினீர்கள், ஓரிரு தடவை போட்டீர்கள், மெந்தாலுக்குத் திரும்பிவிட்டீர்கள். அந்தப் பொடிகளுக்கு முதல் சிட்டிகைதான் கிடைத்தது. உங்களுக்கு மெந்தால் பிடித்துப்போக ஒரு டப்பா முழுக்கத் தேவைப்பட்டதே! இன்னொன்றும் உண்டு. முதல் டப்பா நாட்களின் அந்த எழுச்சி எந்தப் பொடியிலும் திரும்பி வராது. நிக்கோட்டினுக்கு நரம்புகள் மரத்துப்போவது அதன் இயல்பு. புதுப் பொடி ஒவ்வொன்றையும் நாம் பழைய பொடியோடு ஒப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒப்பிடுவது நம் பழைய மூக்கோடு.

இவ்வளவும் சொன்னதற்காக, ருசியை விரிவாக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சிபாரிசு செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூக்கில் கட்டி வளர்வதையும் பொடியையும் சேர்த்து லண்டன் மருத்துவர் ஜான் ஹில் 1761லேயே எச்சரித்துவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. விடுவதும் லேசில்லை. எனக்குத் தெரியும்.

உங்கள் அக்கா மகனுக்கு எதைக் கொடுப்பது? எதையும் கொடுக்காதீர்கள். ஒரு சிட்டிகையில் ஒன்றும் ஆகிவிடாது என்று அவன் சொல்வான், அது ஓரளவு உண்மையும்கூட. தும்முவான், சிரிப்பான். ஆனால் பிரியமான மாமா கையிலிருந்து வாங்கிய அந்த நினைவு பிடித்துப்போய், இன்னொரு தடவை கேட்பான். அப்புறம் தனக்கென்று ஒரு டப்பா வாங்குவான். உங்களுக்கும் உங்கள் மாமாவுக்கும் இடையில் நடந்தது அதுதானே?

அவனுக்கு ஆர்வம் மணத்தில் என்றால் மணத்தை மட்டும் கொடுங்கள். பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயில் ஒரு துளியைக் காகிதத்தில் விட்டு முகரச் சொல்லுங்கள். எஸ்.பி.யின் வாசனையில் முக்கியமானது அதுதான். டோங்கா என்ற மரத்தின் வாசனை விதை கிடைத்தால் அதையும் நசுக்கிக் கொடுக்கலாம், பல பழைய பொடிகளில் அது சேர்ந்திருக்கிறது. நீங்களும் கூடவே முகர்ந்து பாருங்கள். நிக்கோட்டின் கலக்காத மூக்குக்கும் உங்கள் மூக்குக்கும் எது எது பிடித்தது, எங்கே வேறுபட்டது என்று எனக்கு எழுதினால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்.