விளக்கு ரோஸ் கலரானதுக்கு

பாட்டியோட நாச்சியார்கோவில் குத்துவிளக்கை ராத்திரி பூரா புளித்தண்ணில ஊறப்போட்டேன், காலைல திட்டுத்திட்டா ரோஸ் கலரா இருக்குன்னு கேட்டிருக்கீங்க, பயப்படாதீங்க சகோ, பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும் கலந்தது, புளிப்புல ரொம்ப நேரம் கெடந்தா துத்தநாகம் கரைஞ்சு மேல செம்பு மட்டும் தெரியும். மேலாப்புல இருந்தா சலிச்ச சாம்பலோ விபூதியோ வச்சு தேச்சுப் பாருங்க. அடுத்த தடவை தண்டு, தட்டு, உச்சி எல்லாத்தையும் மரையைத் திருகிக் கழட்டிட்டு மொதல்ல எண்ணெப் பிசுக்கை சோப்புத்தூள் போட்ட சுடுதண்ணில எடுத்துருங்க, பிசுக்கு இருந்தா புளி வேலை செய்யாது. அப்புறம் புளியும் கல்லுப்பும், அஞ்சு நிமிஷம் போதும். கழுவுனதும் ஒடனே துணியால தொடைங்க, மரைக்குள்ள ஈரம் நின்னா பச்சை பூத்துரும், எங்க வீட்டு விளக்குத் தண்டு அப்படி இறுகிப்போய் ரெண்டு பேர் புடிச்சுத் திருகுனோம்.