தைலம், தொட்டி, உழிச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆன்லைனில் 100 மில்லி லாவெண்டர் எண்ணெய் 180 ரூபாய்க்கு வாங்கினேன். ‘நூறு சதவீதம் சுத்தம்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (வாசகி, நாகர்கோவில்)

நம்ப வேண்டாம். பூவைக் காய்ச்சி வடித்த லாவெண்டர் எண்ணெய் 15 மில்லியே இதைவிட அதிக விலைக்குப் போகும். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு மறுநாள் பாருங்கள். லாவெண்டர், யூக்கலிப்டஸ், புல்தைலம் எல்லாம் ஆவியாகிவிடும். எண்ணெய்ப் பசை வட்டமாக நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். வட்டம் இல்லை என்பதற்காகச் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. செயற்கை வாசனையும் ஆவியாகும். சுற்றுலா இடத்துக் கடை ஒன்றில் நான் வாங்கிய புல்தைலம் இந்தச் சோதனையில் தேறவில்லை. குப்பியில் தயாரிப்பாளர் முகவரியும் இல்லை, யாரிடம் போய்க் கேட்பது? செடியின் தாவரவியல் பெயர், பேட்ச் எண், முழு முகவரி, அடர்நிறக் கண்ணாடிக் குப்பி, இவை இல்லாததை உடம்பில் தேய்க்காதீர்கள்.

எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தில் இலவச முகாம் நடந்தது. தண்ணீர்த் தொட்டியில் மாமியாரின் காலை வைக்கச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் காப்பி நிறமாகிவிட்டது. ‘உடம்பில் இருந்த கழிவு எல்லாம் வெளியே வந்துவிட்டது, சர்க்கரையும் குறையும்’ என்றார்கள். 18,500 ரூபாய்க்கு மெஷினை வாங்கிவிட்டோம். சர்க்கரை குறையவில்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (வாசகி, மார்த்தாண்டம்)

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கண்முன்னே தண்ணீர் நிறம் மாறினால் யாருக்கும் நம்பத் தோன்றும். நம்ப வைப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி அது.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். அதே தொட்டி, அதே அளவு தண்ணீர், அதே உப்பு. யாரும் காலை வைக்க வேண்டாம். அரை மணி நேரம் ஓடட்டும். தண்ணீர் அப்படியேதான் பழுப்பாகும். தொட்டிக்குள் போடும் அந்த உருளையில் இரும்புத் தகடுகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது இரும்பு அரித்துத் துருவாகக் கரைகிறது. மேலே மிதக்கும் நுரையும் திப்பியும் அந்தத் துருதான். உப்பைக் கூட்டினால் நிறம் இன்னும் கறுக்கும். உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். உள்ளங்காலுக்கு அந்த வேலை இல்லை.

இந்த வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குக் கொதிக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாது, சிறு புண்ணும் சீக்கிரம் ஆறாது. அவர்களையே தேடிப் பிடித்து வெந்நீரில் கால் வைக்கச் சொல்கிறார்கள். இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? மாமியார் மாத்திரையை விடவில்லையே? விட்டிருந்தால் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்புறம் பணம். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954 தடுக்கிறது. அவர்கள் கொடுத்த நோட்டீஸ், துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அடுத்த ஊரிலும் மண்டபம் பிடித்திருப்பார்கள்.

மாறாமலைக் கிராம்பு எண்ணெயை முழங்காலில் அப்படியே தேய்த்தேன். தோல் சிவந்து எரிகிறது. ‘கலந்து பயன்படுத்தவும்’ என்று குப்பியில் இருந்தது, அவசரத்தில் கவனிக்கவில்லை. கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? (வாசகர், குலசேகரம்)

முடியாது. எச்சரிக்கையை அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள், படிக்காதது நீங்கள். முதலில் அந்த இடத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்பளித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கிராம்பில் உள்ள யூஜினால் தோலை நன்றாக எரிக்கும். 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு மூன்று சொட்டு போதும். நம் மலையில் விளைகிற நல்ல பொருள்தான். நல்ல பொருள் என்றால் வீரியமும் இருக்கத்தானே செய்யும்?

எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. கற்பூரத் தைலத்தை மூக்கடியில் தடவலாமா? (வாசகி, குளச்சல்)

கூடவே கூடாது. கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

முதுகுவலிக்கு உழிச்சலுக்குப் போனேன். 14 நாளைக்கு 16,000 ரூபாய் முன்பணம். மூன்றாம் நாளே ஆசான் வரவில்லை, பழகாத ஒரு பையன் தேய்க்கிறான். நிறுத்தினால் பணம் வராது என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருக்கிறது. (வாசகர், தக்கலை)

பின்னால் அச்சடித்துவிட்டால் முடிந்துபோயிற்றா? பேசிய சேவையைத் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு. வராத நாட்களின் பணத்தை எழுத்தில் கேளுங்கள், மேலே சொன்ன வழியெல்லாம் உங்களுக்கும் உண்டு. வர்மமும் உழிச்சலும் இந்த மண்ணின் வைத்தியம். தொட்ட கையிலேயே வலி எங்கே என்று கண்டுபிடிக்கிற ஆசான்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் பெயரைப் போர்டில் போட்டுவிட்டு வேறு ஆளை விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இனி யாரிடம் போனாலும் அன்றன்றைக்குக் காசு கொடுங்கள். யார் தேய்ப்பார் என்று முதலிலேயே கேளுங்கள். கால் மரத்துப்போகிறது, வலி தொடைக்கு இறங்குகிறது என்றால் உழிச்சலுக்கு முன் டாக்டரைப் பாருங்கள். கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்தில்தானே இருக்கிறது?

தவணையில் மசாஜ் நாற்காலி வாங்கினேன். வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. (வாசகர், கருங்கல்)

டேப் பிடித்து அளந்துவிட்டு அல்லவா பணம் கட்ட வேண்டும்? பிரிக்காமல் இருந்தால் இன்றே கடைக்குப் போன் செய்யுங்கள், அவர்களின் திருப்பி எடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள்.

பில் கேட்டால் ஜிஎஸ்டி சேர்ந்து குப்பியில் போட்ட விலைக்கு மேல் வரும் என்கிறார் தைலக் கடைக்காரர். (வாசகி, கொட்டாரம்)

பொய். எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்த்த விலை. அதற்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள், பில்லையும் வாங்காமல் வராதீர்கள்.