மகளுக்கு ஸ்கி பந்தயம்: சுவிஸில் வாழும் பெற்றோர் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

பயிற்சியாளர் உங்கள் மகளை விளையாட்டுப் பாடசாலைக்கு அனுப்பச் சொன்னதும், படிப்பு கெட்டுவிடுமே என்றுதான் முதலில் பயம் வரும். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது: கடவுச்சீட்டு. பன்னாட்டு ஸ்கி சம்மேளனமான ஃபிஸ் நடத்தும் போட்டிகளில் சுவிஸுக்காக இறங்க சுவிஸ் கடவுச்சீட்டு வேண்டும். மகளிடம் சி அனுமதி (நிரந்தர வதிவிட அனுமதி) மட்டும் இருந்தால் குடியுரிமைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பத்து ஆண்டு வசிப்பு தேவை. 8 முதல் 18 வயது வரையிலான ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். விண்ணப்பம் முடிய நாளெடுக்கும், மகளின் வயதோ காத்திருக்காது.

படிப்பைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டாம். தேசியப் பயிற்சி மையங்கள் உள்ள டாவோஸ், எங்கெல்பெர்க், பிரிக் ஆகிய ஊர்களில், குளிர்காலப் பந்தயங்களுக்கு ஏற்பப் பாட அட்டவணையை அமைக்கும் பாடசாலைகள் இருக்கின்றன. படிப்பு முடிய வழக்கத்தைவிடக் கூடுதல் காலம் ஆகலாம். சான்றிதழின் மதிப்பு குறையாது. சுவிஸ் ஸ்கி நட்சத்திரம் மார்கோ ஓடெர்மாட் எங்கெல்பெர்க்கில் படித்தவர். ஏட்டுப் படிப்புதான் வேண்டும் என்றும் இல்லை: இன்னொரு சுவிஸ் வீரர் பேட் ஃபொய்ட்ஸ் மேசன் வேலை பழகிய பிறகு 2022இல் ஒலிம்பிக் டவுன்ஹில் (சரிவில் அதிவேகமாக இறங்கும் பந்தயம்) தங்கம் வென்றார்.

16 வயதை எட்டும் பருவத்தில் வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் ஃபிஸ் புள்ளிக் கணக்கு தொடங்கும். இங்கே புள்ளி குறையக் குறையத்தான் நல்லது. ஒவ்வொரு பந்தயப் பிரிவிலும் சிறந்த இரண்டு முடிவுகளின் சராசரியே கணக்கு. பெற்றோர் பலர் தவறுவது இங்கேதான்: நல்ல புள்ளி தேடி வாராவாரம் பிள்ளையை ஒவ்வொரு ஊராக ஏற்றிச் செல்கிறார்கள். பலமான ஆட்கள் வராத பந்தயத்தில் முதலாவதாக வந்தாலும் புள்ளி பெரிதாக இறங்காது. இழந்த பயிற்சி நாட்கள் திரும்பியும் வராது. எந்தப் பந்தயம் என்பதைப் பயிற்சியாளரே தீர்மானிக்கட்டும்.

தேசிய அணியில் இடம் கிடைக்கும்வரை செலவின் பெரும்பகுதி உங்கள் தலையில்தான். உலகக் கோப்பையில் பெண்களின் ஸ்லாலம் (நெருக்கமாக நட்ட கம்புகளிடையே வளைந்து இறங்கும் பந்தயம்) ஸ்கி குறைந்தது 155 செ.மீ., கம்புகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஜயண்ட் ஸ்லாலத்துக்கு 188 செ.மீ. ஒன்றை மற்றதற்குப் பயன்படுத்த முடியாது. பயிற்சிக்கு ஒரு சோடி, பந்தயத்துக்கு ஒரு சோடி என்று வைத்தால் இந்த இரண்டு பிரிவுக்கே நான்கு சோடி. காலணியில் மட்டும் பெரியவர்களைப் பார்த்துக் கடினமானதை வாங்காதீர்கள். கணுக்கால் மடங்காவிட்டால் உடல் பின்னால் சாய்கிறது, திருப்பத்தில் பிடி போய்விடுகிறது.

குடியுரிமை கிடைத்து மகள் உயர்நிலையை எட்டினால், தேசிய விளையாட்டு மையம் உள்ள மாக்லிங்கனில் இராணுவத்தின் 18 வார விளையாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு இது விருப்பத்தின்பேரில்தான்.

முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழிவது இந்த விளையாட்டில் அடிக்கடி நடப்பது. அறுவைச் சிகிச்சை என்றால் ஒரு பருவமே போய்விடலாம். ஆகவே பாடசாலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: காயத்தால் அணியில் இடம் போனால், அதே வகுப்பில் தொடர்ந்து படிக்க முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.