கோட்டம் எடுப்பவரின் கடை

அன்புள்ள அக்கா,

பட்டுக்கோட்டையில் அப்பா நடத்திவந்த சைக்கிள் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் விலை விசாரித்துவிட்டுப் போனவர்களே இணையத்தில் சைக்கிள் வாங்கி, பெட்டியோடு கொண்டுவந்து பாகங்களைப் பொருத்திப் பூட்டித் தரச் சொல்கிறார்கள். மறுத்துவிடலாமா? பஞ்சர், ஓவராயில் போன்ற பழைய சைக்கிள் வேலைகளை நிறுத்திவிட்டு, கியர் சைக்கிள் விற்பனையை மட்டும் வைத்துக்கொள்ளவும் எண்ணுகிறேன். ஞாயிறுதோறும் ஒரே நிறச் சட்டையணிந்து பேரணி நடத்தினால் ஊரில் சைக்கிள் பழக்கம் திரும்பும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த பிறகும் வியாபாரம் ஏறவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

பெட்டியில் வரும் சைக்கிளைப் பூட்டித் தர மறுக்காதீர்கள். கூலியைப் பலகையில் எழுதி வைத்து, அதை முழுதாக வாங்குங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் முறுக வேண்டும் என்பது தெரியாமல் வீட்டிலேயே பலங்கொண்ட மட்டும் திருகி, பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையை அழித்துக்கொண்டு வருபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு உங்கள் கை தேவைப்படுகிறது. உங்களிடம் வாங்கவில்லை என்பதற்காக முகம் சுளிப்பது கடைக்காரருக்கு அழகல்ல. வரியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. குறைந்தது நல்லது.

ஆனால் பழைய சைக்கிள் வேலைகளை நிறுத்தப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரை வாசலோடு திருப்பி அனுப்பப்போகிறீர்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? விடியுமுன் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வருபவர், கூடையை கேரியரில் வைத்துப் பூ விற்பவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் முதியவர், சித்தாள் வேலைக்குப் போகும் பெண் ஆகியோர்தான் உங்கள் ஊரில் அன்றாடம் சைக்கிள் மிதிக்கிறார்கள். வேலைக்குச் செல்லும் பயணத்தைப் பற்றி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்டபோது, இந்தியா முழுவதும் விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளில் இருப்போரில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் சைக்கிளில் வேலைக்குச் செல்வதாகத் தெரியவந்தது. அந்த எண்ணிக்கை மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் செல்வோரைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. இவர்களைக் கணக்கில் கொள்ளாமல், சைக்கிள் பழக்கம் அழிந்துவிட்டது என்றும் அதை மீட்டெடுக்க வேண்டும் என்றும் பேசுகிறோம். வசதியுள்ளவர் ஏறினால் அது பழக்கம், இல்லாதவர் ஏறினால் அது வறுமை என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. அதை நீங்களும் சுமக்க வேண்டாம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத் தருவதையும் சேர்த்துக்கொண்டார். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சாலைக்கு வந்தார்கள். இதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதாமல் விட்டது ஆலங்குடிச் சாலையில் இருந்த ஒரு வாடகை சைக்கிள் கடையைப் பற்றி. அறிவொளித் தொண்டராக இருந்த என் சித்தி அங்கேதான் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்துப் பழகினார். அந்தக் கடைக்காரர் சீட்டைக் கடைசி வரை இறக்கி, கால் தரையில் ஊன்றுகிறதா என்று பார்த்து, சேலை சிக்காதபடி செயின் கவரை நெளிவெடுத்து மாட்டி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வலையையும் கட்டிக் கொடுத்தார். செயின் கழன்றால் ஒரு குச்சியால் அதைப் பற்சக்கரத்தின் பல்லில் ஏற்றி, பெடலை மெல்லச் சுற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதாலேயே அதை விரும்பியவர்களும் உண்டு. என் சித்தி அப்படித்தான் வாங்கினார், முன்கம்பியில் உட்கார்ந்துபோன பிள்ளை நான்.

ஆட்சியரின் ஆணையும் தொண்டர்களின் உற்சாகமும் சித்தியைச் சைக்கிளில் ஏற்றின. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் இறங்காமல் ஓட்டியதற்கு அந்தக் கடை காரணம். கூச்சமில்லாமல் போய் நிற்கக்கூடிய, ஏளனமாகப் பேசாத, அன்றைக்கே வேலையை முடித்துக் கொடுக்கிற ஓர் இடம் நடந்துபோகும் தொலைவில் இருந்தது.

கோட்டம் எடுப்பதை, அதாவது சக்கரத்தின் கோணலை நேராக்குவதை, அந்தக் கடைக்காரரிடம்தான் முதலில் பார்த்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கில் விரலை ஊன்றி, சுண்ணக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுவார். எங்கே சுண்ணம் உரசுகிறதோ அங்கே கோட்டம். இடப்பக்கம் சாய்ந்திருந்தால் வலப்பக்கப் போக்ஸ் கம்பியின் முனைத் திருகான நிப்பிளை அரைச்சுற்று இறுக்கி, இடப்பக்கத்தில் அதே அளவு தளர்த்துவார். பிறகு கம்பிகளைக் கட்டைவிரலால் சுண்டி இறுக்கத்தைக் காதாலேயே கேட்பார். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்று அத்தனை கம்பிகளையும் பொறுமையாகக் கவனிக்கிற இந்த வேலையை உங்கள் அப்பாவும் செய்திருப்பார். அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை. கற்றிருந்தால் கைவிடாதீர்கள், கற்காவிட்டால் அவர் திடமாக இருக்கும்போதே அருகில் உட்காருங்கள்.

நம் ஊர்களில் சைக்கிள் எப்படி மறைகிறது என்று கவனித்திருக்கிறேன். யாரும் ஒருநாள் முடிவுசெய்து அதை விடுவதில்லை. பிரேக் கட்டை தேய்கிறது, அல்லது பால்ரஸ் குண்டு உடைந்து பெடல் கறகறக்கிறது. பக்கத்துத் தெருவில் இருந்த கடை மூடப்பட்டிருக்கிறது. அடுத்த கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், இந்த மாடலுக்கெல்லாம் சாமான் வருவதில்லை என்கிறார்கள். சைக்கிள் சுவரில் சாய்கிறது, டயர் வெடித்துப்போகிறது, பிறகு பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போகிறார். அதற்குள் வீட்டில் தவணைக்கு ஒரு ஸ்கூட்டி வந்திருக்கும், மாதச் சம்பளத்தில் அதற்கும் பெட்ரோலுக்குமாக ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கும். ஒரு சிறு சாமானும் அதைப் போடத் தெரிந்த ஒருவரும் இல்லாததால் நடக்கும் இந்த இழப்பைத் தடுக்கக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் தம்பி. அந்த இடத்தைத்தான் காலிசெய்ய நினைக்கிறீர்கள்.

கியர் சைக்கிள் விற்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த லாபத்தில் பழுது பார்க்கும் பக்கத்தை நடத்துங்கள். பேரணி பற்றி விரிவாகப் பேச விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வெறிச்சோடிய சாலையில் ஓட்டுவது நல்ல உடற்பயிற்சி, திங்கட்கிழமை ஒருவர் சைக்கிளில் வேலைக்குப் போவதற்கு அது எந்த வகையிலும் உதவுவதில்லை.

சட்டை அடிக்க ஒதுக்கிய பணத்தில் போக்ஸ் கம்பி, பிரேக் கட்டை, பால்ரஸ், வால்வ் ட்யூப் வாங்கி நிரப்புங்கள். காற்றடிக்கும் பம்பை, காசு கேட்காமல், கடைக்கு வெளியே வையுங்கள். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் சைக்கிள்கள் பள்ளி வளாகத்திலேயே மொத்தமாகப் பாகங்கள் பொருத்தப்பட்டு வரும்போது, சில வாரங்களிலேயே சிலவற்றில் நட்டுகள் தளர்ந்து பிரேக் பிடிக்காமல் போகலாம். தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, வழங்கிய மாதத்திலேயே ஒரு பிற்பகல் ஸ்பேனரோடு அங்கே போய் உட்காருங்கள். முறுக்கிக் கொடுப்பதோடு, பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் அங்குள்ள பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா