28 லட்சம் வாங்கி ஆறு வருஷம் கட்டினேன், பாக்கி 34 லட்சம்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 41. பெருமாநல்லூரில் குடியிருக்கிறேன், திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கைக்கு வருவது 68,000. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் 9,000 வரை பார்க்கிறார். மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. 2019 கடைசியில் 4 சென்ட் இடத்தில் வீடு கட்ட 28 லட்சம் கடன் வாங்கினேன், 20 வருஷத் தவணை. மனைவியின் அண்ணன் 12 மெஷின் போட்டு பவர் டேபிள் (கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்துகிறார். அவருக்காக 2022 கடைசியில் 5 லட்சமும், 2024 கடைசியில் 6 லட்சமும் இதே வீட்டின் மேல் டாப்-அப் (வீட்டுக்கடனோடு சேர்த்துத் தரும் கூடுதல் கடன்) எடுத்துக் கொடுத்தேன். முதல் 14 மாதம் 5,000 வீதம் தந்தார், அப்புறம் முடிந்தபோது தருகிறார். இப்போது வங்கியில் இருந்து கூப்பிட்டு இன்னும் 10 லட்சம் டாப்-அப் தருவதாகச் சொல்கிறார்கள். மச்சான் ஆறு மெஷின் வாங்க 6 லட்சம் கேட்கிறார். இல்லை என்று சொன்னால் மனைவி முகத்தில் முழிக்க முடியாது. மிச்சம் 4 லட்சத்தை உடுமலைப் பக்கம் ஒரு மேனேஜ்டு ஃபார்ம்லேண்டில் (நமக்கு விற்ற நிலத்தை அவர்களே பராமரிக்கும் திட்டம்) போடலாமா, இல்லை எஸ்.ஐ.பி.யில், அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வீட்டுக்கடன் வட்டியைத் திரும்ப எடுக்கலாமா? வேறு வங்கிக்கு மாற்றினால் வட்டி 0.4 சதவீதம் குறையும் என்கிறார்கள், மாற்றலாமா? ராத்திரி தூக்கம் வருவதில்லை.

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளில் ஒன்றுகூட உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் இல்லை. அதைப் பற்றிய கேள்வியே கடிதத்தில் இல்லாததால் நானே எடுத்துக்கொள்கிறேன்.

கடிதத்தோடு கடன் கணக்கு விவரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், நல்லது. நடுவில் வட்டி ஏறி இறங்கியதை விட்டுவிட்டு உத்தேசமாகப் போடுகிறேன். 28 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் தவணை 24,300. முதல் மாதம் கட்டியதில் அசலுக்குப் போனது 4,500 கூட இல்லை. அது எல்லோருக்கும் அப்படித்தான், உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆறு வருஷத்தில் 72 தவணை, பதினேழரை லட்சம் கட்டி, பாக்கியை 23.8 லட்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதாவது அடைத்த அசல் 4.2 லட்சம்.

இரண்டு டாப்-அப் கையெழுத்தில் ஏற்றிக்கொண்டது 11 லட்சம். அதில் இன்றைய பாக்கி ஏறக்குறைய 10.3 லட்சம். கூட்டினால் 34 லட்சத்துச் சொச்சம். வீடு கட்டி முடித்த அன்று இருந்ததைவிட இன்று 6 லட்சம் அதிகமாகக் கடன் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு செங்கல்கூட உங்கள் வீட்டில் ஏறவில்லை. உங்கள் வீட்டுப் பத்திரம் மச்சானுடைய யூனிட்டுக்கு நடப்பு மூலதனமாகிவிட்டது. பலகையில் அவர் பெயர், பத்திரத்தில் உங்கள் இருவர் பெயர்.

தவணையைப் பாருங்கள். பழைய கடனுக்கு 24,300. டாப்-அப் இரண்டுக்கும் சேர்த்து 11,250. மொத்தம் 35,550, அதாவது உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல். இன்னொரு 10 லட்சத்தை ஒன்பதேகால் சதவீதத்தில் 14 வருஷத்துக்கு எடுத்தால் 10,600 கூடும். 46,000 தவணை போக 22,000 மிஞ்சும். மனைவியின் 9,000 சேர்த்து 31,000-ல் நாலு பேர் சாப்பிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டி, பெட்ரோல் போட்டு, ஊரில் ஒரு கல்யாணம் காதுகுத்து என்றால் செய்முறையும் செய்ய வேண்டும். மகள் இன்னும் மூன்று வருஷத்தில் காலேஜ் வாசலில் நிற்பாள்.

"டாப்-அப் என்றால் வட்டி குறைவு, மச்சான் வெளியே இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குவதற்கு இது தேவலை" என்று எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கு இரண்டு என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். அதோடு ஒப்பிட்டால் எதுவும் மலிவுதான். மலிவாகக் கிடைப்பது ஏன் என்று யோசித்தீர்களா? அடமானத்தில் வீடு இருப்பதால்தான். தொடர்ந்து 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அப்புறம் 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி வீட்டில் கை வைக்கலாம். அப்போது அந்த 11 லட்சத்தில் ஓடிய மெஷினை வங்கி தேடிப் போகாது. டாப்-அப் பணம் எங்கே போகிறது என்று சரியாகக் கவனிப்பதில்லை என 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரே வங்கிகளை எச்சரித்தார். உங்களைக் கூப்பிட்டவர் அதையெல்லாம் சொல்லமாட்டார், அவருக்கு மாதக் கடைசியில் டார்கெட்.

வரிச்சலுகை இருக்கிறதே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வரியே வராது. வராத வரிக்கு எதற்குச் சலுகை?

இனி மச்சானின் யூனிட்டுக்கு வருவோம். நீங்கள் மெர்ச்சண்டைசர், இந்தத் தொழிலை என்னைவிட நன்றாக அறிந்தவர். அதனால்தான் கொஞ்சம் கோபமும் வருகிறது. அவருக்குப் பற்றாக்குறை மெஷினிலா, பில் பணத்திலா? டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் எண்ணி வைத்தாக வேண்டும். தைத்துக் கொடுத்த கூலிக்கான ஜாப் ஒர்க் பில் இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து வருகிறது, அதிலும் டேமேஜ் பீஸ், ஷார்ட்டேஜ் என்று பிடித்தம். இந்த நிலையில் இன்னும் ஆறு ஓவர்லாக், பேட்லாக் மெஷின் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? ஆளுக்கு நாளைக்கு 700 என்றே வையுங்கள். ஆறு பேருக்கு ஆறு நாள், வாரம் 25,000. பில் எட்டு வாரம் தள்ளி வந்தால் கூலியில் மட்டும் 2 லட்சம் மாட்டிக்கொள்ளும். அந்த 2 லட்சத்துக்கு அவர் யாரிடம் வருவார்? மெஷின் கூடக் கூட பற்றாக்குறையும் கூடும். 2022-ல் வாங்கிய 5 லட்சம் போதாமல் 2024-ல் 6 லட்சம் தேவைப்பட்டது இப்படித்தான் என்று என் ஊகம்.

முதலில் அவர் பார்க்க வேண்டியது நிலுவை பில்லை. யூனிட்டை மத்திய அரசின் உத்யம் பதிவில் சிறு, குறுந்தொழிலாகப் பதிந்திருந்தால், அவருக்கு வேலை கொடுக்கும் கம்பெனி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். வருஷக் கடைசியில் அந்தக் கெடு தாண்டி நிற்கும் பில்லை, பணம் கொடுக்கும்வரை கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2024 ஏப்ரலில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் வராதே என்பார், நியாயம்தான். ஆனாலும் மார்ச் மாதம் கம்பெனியின் ஆடிட்டரை மரியாதையாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருவதில் தப்பில்லை.

மெஷின் உண்மையிலேயே தேவை என்றால் அவர் பெயரிலேயே கடன் கேட்கட்டும். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தருகிறார்கள், மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கூடிய திட்டங்களும் உண்டு. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், ஒரு வருஷ வங்கிக் கணக்கு, மெஷின் கொட்டேஷன் எல்லாம் கேட்பார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு வங்கி இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு தகவல்தான். அவருடைய கணக்கைப் படித்த வங்கி பயப்படுகிறது, கணக்கே பார்க்காமல் நீங்கள் இரண்டு முறை கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது உங்கள் கம்பெனியில் ஓவர்டைம் நின்றதாகவும், அதே மாதங்களில்தான் மச்சான் பணம் தராமல் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வீட்டுச் சோறும் ஒரே உலையில் வேகிறது. உலை அணைந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பசிக்கும். உங்கள் மச்சான் மளிகைக் கடை வைத்திருந்தால்கூட இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கமாட்டேன்.

சரி, எப்படிச் சொல்வது? முதலில் மனைவியிடம். அவரும் டாப்-அப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவர்தான், ஆனால் தொகையைக் கூட்டிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். ஒரு துண்டுச் சீட்டில் இரண்டே எண் எழுதிக் காட்டுங்கள்: 9,000, 11,250. அவர் மாதம் முழுக்கக் கழுத்து வலிக்க பிளவுஸ் தைத்து வருகிற பணம், அண்ணனுக்காக எடுத்த கடனின் தவணைக்கே பற்றாமல் 2,250 உதைக்கிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். முகத்தில் முழிக்க முடியாது என்ற பயம் பாதி அங்கேயே போய்விடும்.

அப்புறம் மச்சானிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். "பேங்க்கில் தரமாட்டேன் என்கிறார்கள்" என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த வருஷம் "இப்போது தருவார்களா?" என்று கேட்பார். "மச்சான், வீட்டு மேல இனி நான் கடன் எடுக்கறதில்லீங்க. பழைய ரெண்டுக்கும் மாசம் 11,250 போகுது, அதை நீங்க நேரா லோன் அக்கவுண்ட்லயே கட்டிருங்க" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடியுங்கள். முழுசாக முடியாது என்றால் 6,000-ல் ஆரம்பிக்கட்டும். மாதம் 3-ம் தேதி அவர் கணக்கில் இருந்து தானாகப் போகிற மாதிரி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முடிந்தபோது என்ற ஏற்பாட்டின் லட்சணத்தைத்தான் பார்த்துவிட்டீர்களே. கொடுத்த தொகை, தேதி, வந்தது, பாக்கி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். புரோநோட்டுக்கு மூன்று வருஷக் கெடு என்பது நம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், 2022-ல் கொடுத்ததற்கோ உங்களிடம் நோட்டே இல்லை. கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. நாளைக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்த பிறகு ஆளுக்கொரு தொகை சொல்லாமல் இருக்க அந்தத் தாள் வேண்டும்.

என் அப்பாவும் ஒரு பங்காளிக்கு ஜாமீன் போட்டார். நாலு வருஷம் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தப் பெரியப்பா கடைசிவரை எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், அப்பாதான் பின்னால் போய் நின்றுகொண்டார்.

உங்கள் மூன்று கேள்விகளையும் வேகமாகப் பார்த்துவிடலாம். வங்கி மாற்றுவது: 34 லட்சத்துக்கு 0.4 சதவீதம் என்றால் முதல் வருஷம் 13,600 மிச்சம். பிராசஸிங் கட்டணம், வக்கீல் ஒப்பீனியன், பழைய எம்.ஓ.டி.யை (பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பதிவு) ரத்துசெய்து புதிதாகப் பதிகிற செலவு என்று முதல் வருஷ லாபத்தை மொத்தமாகத் தின்றுவிடும். அதற்கு முன் உங்கள் வங்கியிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வேறு இடத்தில் இருந்து வந்த ஆஃபரைக் காட்டினால், ஒரு சின்னக் கட்டணத்துக்குப் பல வங்கிகள் இறங்கி வரும். இன்னொரு காரணமும் சொல்கிறேன். புது வங்கி மாற்றும்போதே "கூட 10 லட்சம் டாப்-அப் தரட்டுமா?" என்றுதான் ஆரம்பிக்கும்.

எஸ்.ஐ.பி. போட்டால் வீட்டுக்கடன் வட்டி திரும்ப வந்துவிடும் என்கிற வீடியோவை எனக்கும் நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். சம்பளத்தில் மிஞ்சுவதைப் போட்டால் அது சேமிப்பு. ஒன்பதேகாலுக்குக் கடன் வாங்கி, 12 வரும் என்று நம்பிப் போடுவதற்கு வேறு பெயர். 12 சதவீதம் என்பது வீடியோவில் கணக்குப் போட்டவர் எழுதிக்கொண்ட எண், தவணையோ உங்கள் கணக்கில் இருந்து தவறாமல் போகும். தீபாவளி போனஸ் 60,000 வருகிறது என்றீர்களே, அதை அப்படியே இரண்டாவது டாப்-அப்பில் கட்டுங்கள். தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால், கடைசியில் முப்பது தவணைக்கு மேல் காணாமல் போகும். 60,000 கட்டி ஏறக்குறைய 1.9 லட்சம் கட்டாமல் தப்பிக்கிறீர்கள். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதமும் கிடையாது.

ஃபார்ம்லேண்ட் நோட்டீஸைப் படித்தேன். 20 சென்ட், சொட்டுநீர், அவர்களே பராமரித்து வருஷத்துக்கு 12 சதவீதம் உறுதியாகத் தருவார்களாம். தென்னந்தோப்பு வைத்திருக்கும் உங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். வெள்ளை ஈ, வேர் வாடல் என்று மரத்தை வெட்டிக்கொண்டிருப்பவர் சிரிக்கிற சிரிப்பே போதும். விவசாயத்தில் உறுதியான வருமானம் என்று சொன்னவர்களை நம் ஊர் பார்க்காததா? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் கட்டியவர்களை இன்றும் விசாரிக்கலாம்.

அதற்கு 10,000 டோக்கன் கட்டிவிட்டதாகப் பின்குறிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். ரசீதை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். திரும்பத் தருவோம் என்று இருந்தால் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் போனது பத்தாயிரம். அதை மீட்கிறேன் என்று சைட் பார்க்க மட்டும் மறுபடி போகாதீர்கள், கார் அனுப்பிக் கூட்டிப்போவார்கள், மதியம் வாழையிலைச் சாப்பாடும் போடுவார்கள்.