மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளில் போசான் விண்மீன்கள்: கேள்வி பதில்

கேள்வி: போசான் துகள்களின் புலம் தன் ஈர்ப்பாலேயே கட்டுண்டு உருவாகும் எனக் கருதப்படுவது போசான் விண்மீன். அணுக்கரு எரிவே இல்லாத அது ஏன் நொறுங்குவதில்லை?

பதில்: சிக்கலெண் ஸ்கேலார் புலத்தை (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிக்கலெண் மதிப்பு மட்டும் கொண்ட புலம்) குறுகிய இடத்தில் அடைத்தால் அதன் உந்தம் கூடும்; ஈர்ப்பை எதிர்ப்பது அதுதான். 1968இல் காவ்ப்பும், 1969இல் ருஃபினியும் பொனாட்சோலாவும் இதைக் கணக்கிட்டார்கள். தன்னிடைவினை (புலம் தன்னோடு தானே வினைபுரிவது) இல்லாதபோது உச்ச நிறை = 0.633 × பிளாங்க் நிறையின் வர்க்கம் ÷ துகள் நிறை. துகள் 10⁻¹⁰ எலெக்ட்ரான்வோல்ட் என்றால் சுமார் 0.85 சூரிய நிறை. இந்த விண்மீனைக் கணக்கிடும் உங்கள் நிரல் முதலில் இந்த 0.633ஐத் தர வேண்டும். தராவிட்டால் மாற்று ஈர்ப்பின் (பொதுச் சார்பியலை மாற்றியமைக்கும் கோட்பாடுகளின்) பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: ஷூட்டிங் முறையில் (மையத்தில் மதிப்புகளை ஊகித்து வெளிநோக்கித் தீர்த்துச் செல்வது) புலம் சுழியை நெருங்கிவிட்டுத் திடீரென வெடிக்கிறது. படிநீளத்தைக் குறைத்தும் பயனில்லை.

பதில்: குறை படிநீளத்தில் இல்லை. தொலைவில் அடங்கும் தீர்வும் உண்டு, அடுக்குக்குறியாக வளரும் தீர்வும் உண்டு. புலம் நேரத்தில் அதிரும் அதிர்வெண்ணின் கடைசி இலக்கப் பிழையே வளரும் தீர்வைக் கிளப்பிவிடும்.

மையத்தில் புல மதிப்பைத் தேர்ந்து, அதன் சரிவை 0 என்றும், மெட்ரிக்கின் (காலவெளியில் தொலைவுகளை அளக்கும் டென்சர்) ஆரக் கூறு, நேரக் கூறு இரண்டையும் 1 என்றும் வையுங்கள். பிறகு அதிர்வெண்ணை இருகூறிடுங்கள். கணுவே (சுழியைக் கடக்கும் புள்ளி) இல்லாமல் புலம் மேலே வெடித்தால் அதிர்வெண் போதவில்லை; சுழியைக் கடந்தால் அதிகம். இலக்கங்கள் தீர்ந்ததும், புலம் மிகச் சிறிதாக இருக்கும் ஆரத்தில் வெட்டி, அடங்கும் வாலை ஒட்டுங்கள். கடைசியாக, நேரக் கூறு தொலைவில் 1 ஆகும்படி அளவை மாற்றி, அந்தக் காரணியின் வர்க்கமூலத்தால் அதிர்வெண்ணையும் மாற்ற வேண்டும். அதிர்வெண் (இயல்பு அலகுகளில்) துகள் நிறையைவிடப் பெரிதாக வந்தால் இந்தப் படி விட்டுப்போயிருக்கிறது.

கேள்வி: கோட்பாட்டின் செயலில் (action; சமன்பாடுகள் இதிலிருந்தே வரும்) ரிச்சி ஸ்கேலாரின் (காலவெளி வளைவைக் குறிக்கும் எண்) வர்க்கத்தைச் சேர்த்தேன். எந்த அதிர்வெண்ணுக்கும் தீர்வு அமையவில்லை.

பதில்: மெட்ரிக் முறை (மெட்ரிக்கை மட்டுமே ஈர்ப்பின் மாறியாகக் கொள்வது) என்றால் அமையாதுதான். அங்கே சமன்பாடுகள் நான்காம் வரிசை. ரிச்சி ஸ்கேலாரே தனிப் புலமாகிவிடுகிறது. வர்க்க உறுப்பின் குணகத்தை 6ஆல் பெருக்கித் தலைகீழாக்கினால் அப்புலத்தின் நிறை வர்க்கம். அதற்கும் வளரும் வால் உண்டு என்பதால், அதிர்வெண், ரிச்சி ஸ்கேலாரின் மைய மதிப்பு என இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும். மைய மதிப்புக்குத் தொடக்க ஊகமாகப் பொதுச் சார்பியல் தரும் மதிப்பு போதும். குணகத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு தீர்வையும் அடுத்ததற்கு ஊகமாக்குங்கள். குணகம் மிகச் சிறியதானால் வால் மிக வேகமாக வளர்ந்து ஷூட்டிங் திணறும். அப்போது ஆரம் முழுவதையும் ஒரே நேரத்தில் தீர்க்கும் தளர்வு முறைக்கு மாறுங்கள். அதிர்வெண் சரியாக இருந்தும் தீர்வு அலைபாய்ந்தால் குணகத்தின் குறியைப் பாருங்கள்: தவறான குறியில் நிறை வர்க்கம் எதிர்மமாகி டாக்கியான் (நிறை வர்க்கம் எதிர்மமான, நிலையற்ற புலம்) வரும்.

கேள்வி: பலாட்டினி முறையிலும் (மெட்ரிக்கையும் இணைப்பையும் தனித்தனி மாறிகளாகக் கொள்வது) இதே தொல்லையா?

பதில்: இல்லை. அதே மாதிரியில் ரிச்சி ஸ்கேலார் ஆற்றல்-உந்த டென்சரின் டிரேஸிலிருந்து (மூலைவிட்டக் கூறுகளின் கூட்டு) நேரடியாகக் கிடைத்துவிடும். புதிய புலம் கிடையாது, அதிர்வெண் ஒன்றைத் தேடினால் போதும். ஆனால் இந்த மாதிரியைப் பொதுச் சார்பியலும் மாற்றப்பட்ட ஸ்கேலார் லக்ராஞ்சியனுமாக (புலத்தின் இயக்கத்தை வரையறுக்கும் சார்பு) எழுதிவிடலாம். ஆகவே நிறை–ஆர வளைவை மட்டும் காட்டி "ஈர்ப்பு மாறியது" என்பதை நான் ஏற்பதில்லை; வேறொரு தன்னிடைவினையும் அதே வளைவைத் தரலாம்.

கேள்வி: ஈர்ப்பு மாறிலிக்குப் பதில் ஒரு ஸ்கேலார் புலத்தை வைக்கும் பிரான்ஸ்–டிக்கி கோட்பாட்டில் நிலைத்தன்மைக்கு எந்த நிறையைப் பார்ப்பது?

பதில்: ஐன்ஸ்டைன் சட்டகத்து நிறையை (ஈர்ப்புப் பகுதி பொதுச் சார்பியல் வடிவம் பெறும்படி மெட்ரிக்கை அளவு மாற்றிக் கணக்கிடும் நிறை). போசான் புலத்தின் மைய மதிப்புக்கு எதிராக அதையும் துகள் எண்ணிக்கையையும் வரையுங்கள். இரண்டின் உச்சமும் ஒரே மைய மதிப்பில் வர வேண்டும்; விலகினால் நிரலில்தான் பிழை.